மங்கலாகிப் போன மேடைப் படங்கள்

பள்ளி விழாக்களில் ஒலிபெருக்கிக்கு ஒரு குழு உண்டு, நாற்காலிக்கு ஒரு குழு உண்டு, மாலை வாங்கவும் ஒரு குழு உண்டு. படம் எடுப்பதற்கு மட்டும் ஒரே ஓர் ஆசிரியர். பெரும்பாலும் மறுத்துப் பேசத் தெரியாத இளையவர் தலையில்தான் அப்பொறுப்பு விழும். படங்கள் நன்றாக அமைந்தால் அவரை எவரும் நினைப்பதில்லை. மங்கலாக அமைந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அது பேசுபொருளாகிவிடும்.

எங்கள் பள்ளியில் 2024ஆம் ஆண்டுப் பரிசளிப்பு விழாவுக்குப் பின் அதுதான் நடந்தது. மேடையில் எடுத்த படங்களில் பெரும்பாலானவை துல்லியமின்றி இருந்தன. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு எங்கள் பள்ளியில் அதுவே கடைசி மேடை. "கருவி பழையதாகிவிட்டது, புதிய வில்லை வாங்கிவிடலாம்" என்றார் ஓர் உறுப்பினர். விலையோ ஈராயிரம் வெள்ளிக்கு மேல். சங்கத்தின் கையிருப்பு, வாசிப்பில் பின்தங்கிய மாணவர்களின் மாலை வகுப்புக்காகத் திரட்டப்பட்டது. "கருவியைக் குறை சொல்லாதீர்கள், எடுத்தவரின் கையைச் சொல்லுங்கள்" என்றார் இன்னொருவர். படம் எடுத்த ஆசிரியர் அதே அறையில் தலைகுனிந்து அமர்ந்திருந்தார்.

இரண்டு தீர்ப்புகளும் அவசரத் தீர்ப்புகள் என்றே எனக்குப் பட்டது. படக்கலையில் எனக்குப் பழைய ஈடுபாடு உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாள்களில், 36 படங்கள் கொண்ட ஒரு படச்சுருளை மூன்று மாதங்களுக்கு வைத்துச் சிக்கனமாக எடுத்த தலைமுறை நாங்கள். தலைமையாசிரியையிடம் ஒரு வாரத் தவணை கேட்டு, கருவியையும் நினைவட்டையையும் வாங்கிக்கொண்டேன்.

மங்கல் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும் அது ஒரே நோயன்று. சொல்வதெழுதுதலில் பிழை செய்யும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே காரணத்தால் பிழை செய்வதில்லை அல்லவா? ஒருவனுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. ஒருத்திக்கு லகர ளகர வேறுபாடு பிடிபடவில்லை. மற்றொருவன் வெளியே பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். விடைத்தாளை உற்றுப் பார்த்தால் எது எவர் பிழை என்பது தெரிந்துவிடும். படத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, "இதில் எங்கேனும் ஓரிடம் துல்லியமாக இருக்கிறதா?" என்று முதலில் தேட வேண்டும்.

முதலில் திறந்த படத்தில் கோப்பையுடன் நின்ற மாணவியின் முகம் மங்கலாக இருந்தது. அவளுக்கு முன்னே, அரை மீட்டர் இடைவெளியில் நின்ற ஒலிவாங்கிக் கம்பியோ, அதன் திருகு வரை எண்ணிப் பார்க்கும்படி இருந்தது. அப்படியானால் வில்லையில் குற்றமில்லை. குவியப் புள்ளியைத் தெரிவு செய்யும் வேலை கருவியிடமே விடப்பட்டிருந்தது. அப்படி விட்டால் அது பெரும்பாலும் அருகிலுள்ள பொருளையே பிடித்துக்கொள்ளும். 200 மில்லிமீட்டர் வில்லையில், எஃப் 5.6 துளையில், எட்டு மீட்டர் தொலைவில் துல்லியமாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர்தான். கம்பியைப் பிடித்த கருவி முகத்தை விட்டுவிட்டது. ஒற்றைப் புள்ளியை நாமே தெரிவு செய்து கண்ணின் மேல் வைத்தால் இச்சிக்கல் தீரும்.

வேறு சில படங்களில் எந்த இடமும் துல்லியமாக இல்லை. மாணவர், திரை, பதாகை எழுத்து எல்லாமே ஒரே திசையில் இழுபட்டு இரட்டைக் கோடாகத் தெரிந்தன. இது கையின் அசைவு. ஒவ்வொரு படமும் தான் எடுக்கப்பட்ட விவரத்தைத் தன்னுள்ளேயே பதிந்து வைத்திருக்கும். திறந்து பார்த்தேன்: ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 60இல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 800. எங்கள் கருவியின் ஒளியுணரி பழைய படச்சுருளைவிடச் சிறியது. எனவே குவியத் தொலைவை ஒன்றரை மடங்காக எண்ண வேண்டும். 200 என்பது 300 ஆகும். கையில் பிடித்து எடுக்க 300இல் ஒரு பங்காவது தேவை என்பது பழைய கணக்கு. வில்லையின் பக்கவாட்டிலுள்ள நடுக்கத் தடுப்பு விசை இதற்குத் துணை செய்யும். அதுவும் அணைந்திருந்தது!

பதாகை தெளிவாகவும், குனிந்து பரிசு வாங்கும் சிறுவனின் கைகள் மட்டும் கரைந்தும் இருந்த படங்கள் மூன்றாம் வகை. இதற்கு நடுக்கத் தடுப்பு உதவாது. அது நம் கையைத்தான் அடக்கும், பிள்ளைகளை அடக்காது. (அப்படி ஒரு விசை இருந்தால் ஒன்றாம் ஆண்டு வகுப்பாசிரியர்கள் முதலில் வாங்குவார்கள்.) ஷட்டர் வேகத்தை 250இல் ஒரு பங்குக்கு உயர்த்த வேண்டும். அதே வெளிச்சத்தில் அதற்கு ஐ.எஸ்.ஓ. 3200 தேவை. "புள்ளி புள்ளியாக வருமே டீச்சர்" என்று தயங்கினார் இளம் ஆசிரியர். வரும். புள்ளிகளை ஓரளவு குறைத்துக்கொள்ளலாம். கரைந்த கையை மீட்க முடியாது.

வில்லையையும் சோதித்தோம். சுவரில் நாளிதழை ஒட்டி, கருவியை முக்காலியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, இரண்டு நொடித் தாமதம் வைத்து, பின்திரையில் பார்த்துக் குவியம் அமைத்து ஒரு படம். காட்சித்துளை வழியாகக் குவியம் அமைத்து இன்னொன்று. காட்சித்துளை வழி எடுக்கும்போது தனியோர் உணரி குவியத்தை அளக்கிறது. பின்திரை வழியிலோ படம் பதியும் ஒளியுணரியே அளக்கிறது. முதற்படம் தெளிவாகவும் இரண்டாவது மீண்டும் மீண்டும் மங்கலாகவும் இருந்தால் அவ்வுணரி பிசகியிருக்கலாம். பணிமனைக்கு அனுப்ப வேண்டும். எங்களுக்கு இரண்டிலும் விளம்பரத்தின் பொடியெழுத்து வரை தெரிந்தது. நாற்பதைத் தாண்டிய சக ஆசிரியை ஒருவர் காட்சித்துளையில் பார்த்து, "எனக்கு மங்கலாகத்தானே தெரிகிறது" என்றார். அருகிலுள்ள சிறு சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அது நம் கண்ணுக்கான சரிப்படுத்தல்; தானியங்கிக் குவியத்தில் எடுக்கும் படத்தை அது மாற்றாது.

நம் நாட்டுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. குளிரூட்டிய அறையிலிருந்து கருவியை நேரே திடலுக்குக் கொண்டு போனால் வில்லையில் ஈரம் படியும். விளையாட்டுப் போட்டியன்று காலை எடுக்கும் படங்கள் பனிமூட்டம் போலிருப்பதற்கு இது காரணமாகலாம். காற்றுப் புகாத பையில் இட்டு வெளியே அரை மணி நேரம் வைத்திருந்த பின் திறந்தால் போதும். மூடிய அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தால் வில்லைக்குள் பூஞ்சை பிடிக்கும். அதைத் துணியால் துடைத்து நீக்க முடியாது. பிஸ்கட் டப்பாவில் சிலிக்கா மணிப் பைகளை இட்டு இப்போது எங்கள் வில்லைகளை அதில் வைத்திருக்கிறோம்.

பெற்றோர் பலர் அப்படங்களைப் பார்த்தது புலனக் குழுவில். வழக்கமான முறையில் அனுப்பினால் புலனம் படத்தைச் சுருக்கிவிடும். ஓரளவு தெளிவாக இருந்தவையும் அதனால் மங்கின. ஆவணமாக அனுப்பினால் அச்சுருக்கம் நேராது.

அடுத்த கூட்டத்தில் இளம் ஆசிரியரே மடிக்கணினியில் படங்களைக் காட்டி விளக்கினார். வில்லை வாங்கும் பேச்சு கைவிடப்பட்டது. மாலை வகுப்பு தொடர்கிறது. கையைக் குறை சொன்னவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

ஒலிவாங்கிக் கம்பிக்குப் பின்னால் நின்ற மாணவியின் தாயார், சுவரில் மாட்டப் பெரிய அளவில் படம் கேட்டிருந்தார். குவியம் தவறிய முகத்தை உள்ளபடி மீட்கும் மென்பொருள் இல்லை என்பதைச் சொன்னேன். அது புதிதாய் ஒரு முகத்தை வரைந்து தரக்கூடும், அது அவர் மகளுடையதாக இராது. மேடையில் நிறுத்தி மறுபடி எடுக்கலாமா என்று கேட்டோம். "வேண்டாம் டீச்சர், அன்றைக்கு எடுத்ததையே கொடுங்கள்" என்றார். சிறிய அளவில் அச்சிட்டால் மங்கல் அவ்வளவாகத் தெரியாது. 4ஆர் அளவில் இரண்டு பிரதிகள் எடுத்துக் கொடுத்தோம்.