எங்கள் வள்ளம் வீட்டுக்கு வந்தது

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "கவிதையா, கட்டுரையா?" என்றேன். "கவிதை கட்டுக்கட்டாக் கிடக்கு மாப்ளே, புண்ணியமாப் போகும், கட்டுரை குடு" என்றார். எதைப் பற்றி எழுதுவது? காதலைப் பற்றி எழுத எனக்கு அனுபவம் போதாது. நாட்டு முன்னேற்றத்தைப் பற்றி வருடா வருடம் யாராவது எழுதிவிடுகிறார்கள். எனவே நண்பர்களே, எங்கள் வீட்டுக்கு ஒரு வள்ளம் வந்த கதையைச் சொல்கிறேன். நம் துறைக்காரர்களுக்கு நடுவில் கொஞ்சம் தெர்மல் என்ஜினீயரிங்கும் வரும். மற்றத் துறை நண்பர்கள் பொறுத்தருள்க!

எங்கள் ஊர் வேம்பார். தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கு மூலையில், ராமநாதபுரம் எல்லையை ஒட்டிய கடற்கரை. கருப்பட்டி என்றால் பலருக்கு ஊர்ப் பெயர் ஞாபகம் வரும். அப்பா இருபது வருடத்துக்கு மேலாக அடுத்தவர் வள்ளத்தில் போனவர். எங்கள் பக்கம் வள்ளத்தின் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்போம். பிடித்ததை விற்று, எண்ணெய்ச் செலவைக் கழித்து, வள்ளத்துக்கும் வலைக்கும் பங்கு எடுத்த பிறகு மிச்சம்தான் கடலுக்குப் போனவர்களுக்கு. மீன் இல்லாத நாளில் பங்கும் இல்லை. அந்தப் பங்கில்தான் நான் பத்தாவது முடித்ததும், பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும், நீங்கள் பார்க்கிற இந்த சட்டை பேண்ட்டும்.

2024 மே மாதம், நாலாம் செமஸ்டர் தேர்வு முடிந்து பெட்டியோடு ஊருக்குப் போனேன். அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. "செயின் எங்கம்மா?" என்றேன். "அது திரேஸ்புரத்துல மெதக்குதுலே" என்று சிரித்தாள். மூன்று பவுன் பாங்கியில் அடமானம், மகளிர் குழுவில் ஒரு கடன், மாமா கைமாற்றாகத் தந்தது கொஞ்சம். எல்லாம் சேர்த்து ஒரு பழைய பைபர் வள்ளமும், ஒரு புதிய மண்ணெண்ணெய் மோட்டாரும் வாங்கியாகிவிட்டது. ஒன்பது புள்ளி ஒன்பது குதிரைத்திறன், இரண்டு ஸ்ட்ரோக், பின்பலகையில் மாட்டுகிற அவுட்போர்டு. தூத்துக்குடி திரேஸ்புரம் நாட்டுப்படகுக்காரர்களின் பெரிய கரை. அங்கேதான் வள்ளம் கிடந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

லாரியில் ஏற்றிக் கொண்டுவரலாமே என்று கேட்காதீர்கள். நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "வள்ளத்த லாரில ஏத்துனா ஊரு சிரிக்கும்லே" என்றார் அப்பா. லாரி வாடகையும் ஒரு காரணம்தான். அதை அவர் சொல்லவில்லை.

கடல் வழியாக சுமார் நாற்பது கிலோமீட்டர். வானிலை எச்சரிக்கை நீங்க நாலு நாள் காத்துக் கிடந்தோம். அந்த நாலு நாளும் நான் ஒரு காரியம் செய்தேன். மோட்டாரோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை! புது மோட்டாரை முதல் பத்து மணி நேரம் பழக்க வேண்டும். நம் சார் 'ரன்னிங் இன்' என்று சொல்லிக்கொடுத்தாரே, அதேதான். பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் ஒன்றையொன்று தேய்த்துச் சமமாகிற காலம். முதல் பத்து நிமிடம் மெதுவான ஓட்டம். ஒரு மணி நேரம் ஆகும்வரை பாதிக்கு மேல் முறுக்கக் கூடாது. அப்புறம் முக்கால். பத்து மணி முடியும்வரை நீண்ட நேரம் முழு வேகம் கூடாது. எரிபொருளில் கலக்கும் எண்ணெயும் வழக்கத்தைவிட அதிகம். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "புதுப் பொண்ணு மாதிரில்லா பாத்துக்கணும் போல" என்று மாமா கேலி செய்தார். அப்பா எதுவும் பேசவில்லை. "நோட்ட மறக்காம எடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

விடியற்காலை ஐந்து மணிக்குத் திரேஸ்புரத்தில் தள்ளினோம். அப்பா, மாமா, நான். ஒரு கேன் பெட்ரோல், மூன்று கேன் மண்ணெண்ணெய், இரண்டு துடுப்பு, நங்கூரம், தண்ணீர்க் குடம், அத்தை கட்டிக்கொடுத்த புளிச்சோறு. மண்ணெண்ணெய் மோட்டாரை மண்ணெண்ணெயிலேயே கிளப்ப முடியாது. அது லேசில் ஆவியாகாது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். கரைக்கு வந்து நிறுத்துவதற்கு முன்னும் கொஞ்ச நேரம் பெட்ரோலில் ஓட்டி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும், அடுத்த தடவை கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும். இது பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இழுப்பில் மோட்டார் பிடித்தது. மாமா கும்பிட்டார். அப்பா கும்பிடவில்லை, பின்னால் எட்டிப் பார்த்து, "தண்ணி பெய்யுதா?" என்று கேட்டார். அவுட்போர்டு மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. கடல் தண்ணீரையே கீழிருந்து உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றவிட்டு வெளியே தள்ளும். அதில் ஒரு சின்னக் கிளை பின்பக்கத் துவாரம் வழியாகப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அது பீய்ச்சினால் மோட்டாருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் கரையில் அதை என்ன சொல்லிக் கேலி செய்வார்கள் என்பதை மலரில் எழுதினால் முதல்வர் என்னைக் கூப்பிடுவார். "பெய்யுதுப்பா" என்றேன்.

இருட்டில் தூத்துக்குடி அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்குகள் தெரிந்தன. அப்பாவிடம் ஜிபிஎஸ் கிடையாது. முதுகுக்குப் பின்னால் அந்தப் புகைபோக்கிகள் எந்தக் கோணத்தில் ஒன்றையொன்று மறைக்கின்றன என்று பார்த்தே வள்ளத்தைத் திருப்பினார். சர்வே பாடத்தில் நாம் தியோடலைட்டை வைத்து அரை நாள் படும்பாட்டை அவர் தலையைத் திருப்பி ஒரு பார்வையில் முடித்துவிட்டார்! வலப்பக்கம் வான் தீவு கறுப்பாகக் கடந்தது. அலை அரித்துத் தேய்ந்துபோன தீவு அது. அதைக் காப்பாற்றக் கடலுக்கடியில் கான்கிரீட் பாளங்களால் செயற்கைப் பார் அமைத்திருக்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1986-இல் இதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆனால் இருபத்தொன்றையும் இப்போது எண்ண முடியாது. காரைச்சல்லிக்குப் பக்கத்தில் விலாங்குச்சல்லி என்று ஒரு தீவு இருந்தது. தாத்தா காலத்தில் அங்கே இறங்கி வலை உலர்த்தியிருக்கிறார்களாம். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். தடுக்கப் பார் இல்லாமல் போகவே அலை நேராக மணலில் மோதியது. இன்று அது தண்ணீருக்குக் கீழே. வரைபடத்தில் தீவு, கண்ணுக்கு வெறும் கடல். வள்ளக்காரனுக்கு இதைவிட ஆபத்தான இடம் உண்டா? எனவே காரைச்சல்லியை நெருங்கும்போது, தீவுக்கு வெளியே சுற்றிப் போவதா, தீவுக்கும் கரைக்கும் நடுவில் போவதா என்று அப்பாவும் மாமாவும் வாதம் செய்தார்கள். வெளியே போனால் மூழ்கிய தீவின் மேல் அலை புரளும். உள்ளே போனால் நண்டு வலை கிடக்கும், கடல்புல் மிதக்கும். கடைசியில் உள்ளே போவதென்று முடிவாயிற்று.

மணி ஏழு தாண்டியிருக்கும். மண்ணெண்ணெயில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கச்சான் காற்று லேசாக எழும்பியது. கச்சான் என்றால் மேல்திசைக் காற்று, கரையிலிருந்து கடலைப் பார்த்துத் தள்ளும். "கொஞ்சம் கூட முறுக்குலே, காத்து ஏறுதுக்கு முன்ன இந்த எடத்தத் தாண்டணும்" என்றார் மாமா. நான் முக்காலுக்கு மேல் போகவில்லை. அப்போதுதான் பின்னால் பார்த்தேன். தண்ணீர் பீய்ச்சவில்லை.

"அப்பா, தண்ணி நின்னுட்டு."

அப்பா எட்டிப் பார்த்தார். வலப்பக்கம் காரைச்சல்லியின் பார் மேல் வெள்ளையாக நுரை தெரிந்தது. காற்று எங்களை அந்தப் பக்கம்தான் தள்ளும்.

"நிறுத்தணும்பா" என்றேன்.

"கோட்டிக்காரப் பயலே, பாரு பக்கத்துல வச்சா நிறுத்துவா?" என்று மாமா கத்தினார். "தாண்டிப் போயி நிறுத்துலே!"

மாமா சொன்னதிலும் தப்பில்லை. மண்ணெண்ணெய் ஓட்டத்தில் சட்டென்று நிறுத்தினால் திரும்பக் கிளப்புவது பெரும்பாடு. ஆனால் தண்ணீர் ஓடாத புது மோட்டார்! உள்ளே இன்னும் இறுக்கம் தளராத பிஸ்டன். சூடேறி விரிந்தால் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மூன்று பவுனும் கடலோடு போச்சு. கிளப்ப முடியாத மோட்டாரோடு அதே பார் பக்கத்தில்தான் மிதக்கவும் வேண்டும்.

அப்பா மாமாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "எம்புட்டு நேரம் தாங்கும்?"

"ஒரு நிமிஷம் தாங்கும்பா. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

"அப்போ நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன். அந்த அமைதி இருக்கிறதே, அதுவரை அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. அப்பாவும் மாமாவும் துடுப்பை எடுத்துக் கரைப்பக்கம் பார்த்துத் தள்ளத் தொடங்கினார்கள். நான் மோட்டாரைச் சாய்த்துத் தண்ணீருக்கு மேல் தூக்கினேன். கீழே தண்ணீர் உறிஞ்சும் சல்லடைமேல் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டிருந்தது. ஏதோ ஜவுளிக்கடைப் பை. உரித்து எடுத்தேன். உள்ளேயும் துணுக்கு ஏதும் போயிருக்கிறதா என்று மெல்லிய கம்பியால் சல்லடையைச் சுத்தம் செய்தேன். கார்புரேட்டரில் கிடந்த மண்ணெண்ணெயை வடித்துவிட்டு, பெட்ரோல் பக்கம் திருப்பி, கயிற்றை இழுத்தேன்.

ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு... வரவில்லை. பார் மேல் நுரைச் சத்தம் இப்போது காதில் விழுந்தது. மாமா துடுப்பைப் போட்டபடியே ஒவ்வொரு புனிதராகக் கூப்பிட்டார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பதினோராவது இழுப்பில் ஒரு இருமல். பன்னிரண்டாவதில் பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் பின்பக்கம் எட்டிப் பார்த்தோம். தண்ணீர் பீய்ச்சியது!

"தீவாளிக்குத் துணி எடுத்த பையி போல" என்று மாமா அந்தப் பையை மடித்து வள்ளத்துக்குள் போட்டார். அப்புறம் புளிச்சோற்றைப் பிரித்தார். எனக்கு இறங்கவில்லை. கை நடுங்கிக்கொண்டே இருந்தது, அது கயிறு இழுத்த நடுக்கம் என்று சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சொல்ல அதிகமில்லை. சிப்பிகுளம், வைப்பாற்று முகம் (மே மாதத்தில் ஆறு எங்கே, வெறும் மணல்தான்), கரையில் வெள்ளை வெள்ளையாக உப்பளக் குவியல்கள், பனங்கூட்டம். காற்று பின்னாலிருந்து தள்ளியதால் வேகமாகவே வந்தோம். வைப்பாறு தாண்டியதும் அப்பா என்னிடமிருந்து ஹேண்டிலை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "படிப்பு முடிச்சிட்டு எந்தக் கம்பெனிக்குப் போறதா இருக்க?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "எங்கயும் போ. ஆனா வருஷத்துக்கு ஒருக்க வந்து இதப் பிரிச்சுப் பாத்துக் குடுத்துட்டுப் போகணும்" என்றார். மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதரை மணிக்கு வேம்பார் கரை. எங்கள் கோயில் கோபுரம் தெரிந்ததுமே கரையில் ஆட்கள் கூடுவது தெரிந்தது. அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லாரும் நின்றார்கள். பாட்டி மட்டும் கோபமாக இருந்தாள். சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்காமல் வள்ளத்தை எப்படிக் கடலில் ஓட்டலாம் என்று சண்டை. "வள்ளம் அங்கன கெடக்கு, சாமியார் இங்கன இருக்காரு, நான் என்ன செய்ய?" என்றார் அப்பா. மந்திரிப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. காரைச்சல்லி விஷயம் பாட்டிக்கு இன்றுவரை தெரியாது. இந்த மலரை யாரும் ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள்!

வள்ளத்தின் அணியத்தில் பழைய சொந்தக்காரர் எழுதிய பெயர் அப்படியே இருக்கிறது. பெயர் மாற்றலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். நகை திரும்பிய பிறகு பெயிண்ட் வாங்கலாம் என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் இறக்கி ஓட்டி உப்பைக் கழுவினேன். நோட்டில் எழுதினேன்: ஓடியது நாலேகால் மணி, மீதி ஐந்தே முக்கால். அதற்குள் எனக்குக் கல்லூரி திறந்துவிட்டது. மீதியை அப்பாவே கணக்கு வைத்துக்கொண்டார். அம்மா காலண்டரில் பென்சிலால் குறித்தாளாம்.

ஜூன் மாதம் ஒரு காலையில் வொர்க்ஷாப்பில் இருந்தபோது போன் அடித்தது. அப்பா. கடலிலிருந்து பேசுகிறார் என்று தெரிந்தது. "பத்து மணி நேரம் முடிஞ்சிருச்சு. முறுக்கட்டுமா?" என்றார். "முறுக்குங்கப்பா" என்றேன். போனை மோட்டார் பக்கம் பிடித்திருப்பார் போலிருக்கிறது. அதற்கப்புறம் அவர் பேசியது ஒன்றும் என் காதில் விழவில்லை.