காது எட்டினால் பள்ளிக்கூடம்

போன மே மாதம் ஒரு சாயங்காலம். உப்பளத்திலிருந்து வந்த கையோடு அம்மா எங்கள் மகளை வாசலில் நிறுத்திவைத்து, "வலது கையத் தலைக்கு மேல கொண்டாந்து அந்தப் பக்கத்துக் காதத் தொடு பாக்கலாம்" என்றார். பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது நான்கு மாதம். கை உச்சந்தலையைக்கூடத் தாண்டவில்லை. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள், எக்கிப் பார்த்தாள். கடைசியில் இடது கையாலேயே இடது காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எட்டல" என்றார் அம்மா. அடுத்த மூச்சிலேயே, "எட்டலன்னா என்ன, வேன்ல அனுப்பிடுங்க. எல்லாரும் அனுப்புறாங்க" என்றார்.

கீழ்புத்துப்பட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் காலையில் நின்றால் தெரியும். புதுச்சேரிப் பக்கம் போகும் பள்ளி வேன்களில் டை கட்டிய குழந்தைகள் தூங்கிக்கொண்டே போவார்கள். அதற்கு வெகுநேரம் முன்பே, இருட்டில், மரக்காணம் உப்பளத்துக்குப் பெண்கள் வண்டியேறிப் போயிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் உப்பை வாரிக் கரையேற்ற வேண்டும். பள்ளி திறக்கும் ஜூன் மாதம் உப்புக்கும் நல்ல பருவம். ஒரு குழந்தை பள்ளிக்குத் தயாரா என்ற கேள்வியை, தோழர்களே, இந்த இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் நின்றுதான் நாங்கள் யோசித்தோம்.

காது தொடும் சோதனையை உங்களில் பலர் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் அதுதான் வயதுச் சான்று. ஆப்பிரிக்க நாடுகளிலும் பிலிப்பைன்ஸிலும்கூட இது இருந்திருக்கிறது. சின்னக் குழந்தைக்கு உடம்பை ஒப்பிட்டால் தலை பெரிது, கை குட்டை. ஆறு வயது வாக்கில்தான் விரல் மறுகாதை எட்டும். எட்டிவிட்டால் தலைமை ஆசிரியர் ஒரு பிறந்த தேதியை அவராகவே எழுதிக்கொள்வார். எங்கள் அப்பாவுக்கு ஜூன் மாதப் பிறந்தநாள் அப்படி வந்ததுதான். தெருவில் பெரியவர்கள் பாதிப்பேர் ஜூனில் பிறந்தவர்கள்!

ஆனால் கை நீளுவது வயிற்றுக்குக் கிடைத்ததையும் பொறுத்தது. அரைவயிற்றுப் பிள்ளைக்குக் கை தாமதமாகத்தான் எட்டும். அம்மாவுக்கு எட்டியதாம். "எட்டுச்சு. ஆனா தம்பிய யாரு தூக்கிக்கிறது?" என்கிறார், ஏதோ ரேஷன் கடையில் வரிசை நீளமாக இருந்ததைச் சொல்வதுபோல.

இப்போது காதுக்குப் பதில் தேதி. தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆறு என்கிறது. 2023 பிப்ரவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் மாநிலங்களுக்கு அதை மறுபடியும் எழுதியது. தனியார் பள்ளியில் எல்.கே.ஜி.க்கு மூன்று. ஐந்தா ஆறா என்று தொலைக்காட்சியில் சண்டை நடக்கிறது. அதுவரை அந்தப் பிள்ளை எங்கே இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. அரசமைப்புச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு முதலில் பதினான்கு வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை என்றே சொன்னது. 2002-இல் 86-ஆவது திருத்தம் வந்தபோது, 21ஏ பிரிவில் உரிமை ஆறிலிருந்து பதினான்கு வயதுக்காரர்களுக்கு மட்டும் என்றானது. ஆறுக்குக் கீழே உள்ளவர்கள் அரசு 'முயல வேண்டிய' பட்டியலுக்கே திரும்பிப் போனார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 11-ஆவது பிரிவும் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்றுதான் சொல்கிறது. செய்யலாம். செய்யாமலும் இருக்கலாம்.

அம்மாவின் பேச்சைத் தட்ட முடியாமல் ஒரு தனியார் பள்ளிக்குப் போய்ப் பார்த்தோம். பெயர் வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பாப்பாவிடம் நிறம் கேட்டார், பூனைக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டார். பிறகு எங்களிடம், "நீங்க எந்தத் தெரு?" பதில் சொன்னதும் பேனா நின்றது. "வீட்ல பேரன்ட்ஸ் சப்போர்ட் இருக்கணும், அதான் கேட்டேன்" என்றார். சமூகவியல் முதுகலையில் பூர்தியுவின் பண்பாட்டு மூலதனம் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வெழுதியவர்கள் நாங்கள். அந்த நாற்காலியில் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்ப்பதை அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு தடை செய்கிறது, முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம் என்பதெல்லாம் திரும்பி வரும் பேருந்தில்தான் ஞாபகம் வந்தது. மாணவர்களே, பிரிவு எண்ணைப் போகும்போதே கையில் எழுதிக்கொண்டு போங்கள்.

அன்று இரவு அம்மாவிடம், அங்கன்வாடிக்கே அனுப்புகிறோம், ஐந்து முடிந்ததும் அரசுப் பள்ளி என்றோம். விளையாட்டு, முட்டை, தாய்மொழி என்று காரணங்களை அடுக்கினோம். ஃபின்லாந்தில் ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு என்று நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்ததையும் சொன்னோம். அம்மா வெடித்த பாதத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த ஊர்ல ஆத்தாக்காரி விடியக்காலம் உப்பளத்துக்குப் போறாளா?"

நாங்கள் பேசவில்லை.

"இரு இருன்னுதான் எங்களையும் சொன்னாங்க. இருந்தோம். இப்ப நீங்களும் அவள இருங்கிறீங்க."

இன்றுவரை அதற்கு எங்களிடம் முழுப் பதில் கிடையாது. காலனியிலிருந்து மூன்று வயதில் டை கட்டி அனுப்பும் பெற்றோரைப் பார்த்து ஆங்கில மோகம் என்று கேலி செய்பவர்கள், எங்கள் தோழர்கள் உட்பட, அவசரம் எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக உனக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று சொல்லப்பட்டவர்களுக்குச் சீக்கிரம் என்பதே ஒரு மரியாதை. ஆனால் அந்த மரியாதைக்கான விலையை மூன்று வயதுக் குழந்தை கொடுக்கிறது. வேன் திரும்பும்வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு, புரியாத மொழியில் கை கட்டி உட்கார்ந்து. எங்கள் கோபத்தை அவள் சுமக்க வேண்டுமா என்பதில்தான் நாங்கள் தயங்கினோம்.

அம்மாவை ஓரளவு சமாதானப்படுத்தியது நாங்கள் இல்லை. இங்குள்ள ஈழத்தமிழர் முகாமில் இருக்கும் அவருடைய சிநேகிதி. "எங்கட ஊரில ஐஞ்சு வயசு முடிஞ்சாத்தான் முதலாம் வகுப்பு. அதுக்கு முன்னம் பாலர் பாடசாலையில பாட்டும் விளையாட்டும்தான். நாங்கள் படிக்கேல்லையே?" என்றார். எங்கள் அரை மணி நேர உரையைவிட இது நன்றாக வேலை செய்தது.

ஜூனில் அங்கன்வாடியில் சேர்த்தோம். இரண்டு வாரம் அழுகை. உதவியாளரையும் ஆயா என்கிறார்கள், வீட்டிலும் அம்மாவை அவள் ஆயா என்றுதான் கூப்பிடுவாள். யார் அசல் ஆயா என்று ஒரு குழப்பம் வேறு. சொர்க்கம் என்று சொல்ல மாட்டோம். ஒரே பணியாளர் எடை பார்க்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், பாட்டும் சொல்லித்தர வேண்டும். அரசே 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கி, 2022 ஜூனில் நிறுத்தப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் தொடர்ந்தது. மக்களுக்கு அது எவ்வளவு தேவை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் மையம் இருந்தது, தேர்ந்தெடுத்தோம். நாங்கள் வேலை செய்யும் கடலோரத் தெரு ஒன்றில் அதுவும் இல்லை. மையம் ஊர்ப்பக்கம் இருக்கிறது. அம்மாக்கள் இருட்டில் போய்விட்டால் குழந்தையை அங்கே கொண்டுபோய் விட ஆளில்லை. ஆறாவது படிக்கும் அக்காதான் விட வேண்டும், விட்டால் அவள் பள்ளிக்கு நேரமாகிவிடும். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரிலேயே பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாவற்றிலும் கூடிய சீக்கிரம் அங்கன்வாடி வேண்டும் என்றது. 2006 டிசம்பர் 13 உத்தரவு இன்னும் தெளிவு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாற்பது பேர் இருந்து, மையம் இல்லாத குடியிருப்பு மக்கள் கேட்டால், மூன்று மாதத்துக்குள் தர வேண்டும்.

அதனால் இப்போது ஒரு நோட்டுடன் அந்தத் தெருவில் கணக்கெடுக்கிறோம். பகலில் போனால் வீடுகள் பூட்டிக் கிடக்கும், சாயங்காலம்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் கூட வந்தார். ஒரு வீட்டு வாசலில், பிறந்து இருபது நாளான குழந்தையை மடியில் வைத்திருந்த பெண், "இவனையுமா எழுதணும்?" என்று கேட்டாள்.

நாங்கள் உத்தரவை விளக்க வாயெடுப்பதற்குள் அம்மா நோட்டைக் காட்டி, "எழுதச் சொல்லு, பேரு இன்னும் வைக்கலன்னாலும் எழுதச் சொல்லு" என்றார்.