கோயா மலையில் மரக்கறி விருந்து

ஜப்பான் கடல் சூழ்ந்த நாடு. அங்கே மீன் கலவாத உணவு கிடைப்பது அரிது என்பார்கள். அது பெரும்பாலும் உண்மையே. எங்கள் பயணக் குழுவினருள் இருவர் இறைச்சி, மீன் மட்டுமன்றி முட்டை, பால், நெய் ஆகியவற்றையும் விலக்கியவர்கள். ஒசாகா நகரின் உணவகம் ஒன்றில் அவர்களுக்கென வெந்த காய்கறிகளும் டோஃபு எனும் சோயாக் கட்டியும் வந்தன. பார்வைக்கு அவை தூய மரக்கறியே. ஆனால், உடனிருந்த ஜப்பானிய நண்பர், அவை வெந்தது மீன் சாற்றில் என்று சொல்லித் தடுத்துவிட்டார்.

அச்சாற்றின் பெயர் தாஷி. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தி, மெல்லிய சீவல்களாகச் சீவுகின்றனர். நம் கடலோர ஊர்களில் மாசி என வழங்கும் கருவாட்டுக்கு அது நெருங்கிய உறவு. அச்சீவலைக் கொதிநீரில் இட்டு வடித்த சாறே மிசோ சூப்புக்கும் நூடுல்ஸ் குழம்புக்கும் காய்கறிக் கூட்டுக்கும் அடிப்படை. வடித்தபின் மீன் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே பரிமாறுவோரும் அதை மீனாக எண்ணுவதில்லை.

அப்படியாயின் அந்நாட்டில் மீன் கலவாத விருந்தே இல்லையா? உண்டு. பௌத்த மடங்கள் பல நூற்றாண்டுகளாகப் பேணிவரும் ‘ஷோஜின் ரியோரி’ என்பதே அது. ஷோஜின் என்றால் ஆன்மிக விடாமுயற்சி. ரியோரி என்றால் சமையல். அதை நாடி நாங்கள் கோயா மலைக்குப் புறப்பட்டோம்.

ஒசாகாவின் நாம்பா நிலையத்திலிருந்து தொடர்வண்டி மலையடிவாரம்வரை செல்கிறது. அங்கிருந்து செங்குத்தான சரிவில் கம்பிவட வண்டி ஏறுகிறது. கூக்காய் என்னும் துறவி 816ஆம் ஆண்டில் மன்னரிடம் பெற்ற இம்மலை, ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், தேவதாரு போன்ற நெடுமரங்களிடையே அமைந்துள்ளது. 2004இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட ஆலயங்களுள் ஏறத்தாழ 50, வழிப்போக்கருக்குத் தங்குமிடமும் உணவும் அளிக்கின்றன.

அந்தி சாயுமுன்னரே உணவு வந்துவிட்டது. பாய் விரித்த தரையில் அமர்ந்தோம். அரக்குப் பூசிய தாழ்ந்த பலகைகளில் சிறு சிறு கிண்ணங்கள். முதலில் எள் டோஃபு. பெயர் டோஃபுவாயினும் அதில் சோயா இல்லை. அரைத்த எள்ளின் பாலைக் குட்சு எனும் கொடிக்கிழங்கு மாவுடன் கிளறி உறையவைத்தது. அடுத்து மலையின் பெயரையே தாங்கிய கோயா டோஃபு. குளிரில் உறையவிட்டு உலர்த்துவதால் அது கடற்பஞ்சுபோல் சாற்றை உறிஞ்சிக்கொள்கிறது. முட்டை சேராத மாவில் தோய்த்துப் பொரித்த காய்கள், சோறு, ஊறுகாய், பழம் ஆகியனவும் இருந்தன. வெங்காயம், பூண்டு இல்லை.

சாற்றுக்குச் சுவை எங்கிருந்து வந்தது? கொம்பு எனும் கடற்பாசியும் உலர்ந்த ஷிட்டாக்கே காளானும் ஊறிய நீரே அது. 1908இல் வேதியியலறிஞர் இகெதா கிக்குனாயெ, அக்கடற்பாசிச் சாற்றிலிருந்தே குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி எனப் பெயரிட்டார். மடத்துச் சமையலாளர்களின் நாக்கோ அதை நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தது.

ஜென் மரபின் துறவி தோகென், மடத்துச் சமையலாளருக்காகவே 1237இல் ஒரு நூல் எழுதினார். அரிசியில் கல் பொறுக்குவதையும், ஒரு மணியும் வீணாகாமல் காப்பதையும், எளிய கீரையை உயர்ந்த பொருளைப் போலவே மதித்துச் சமைப்பதையும் அதில் வற்புறுத்துகிறார். அடுக்களைப் பணியும் ஆன்மிகப் பயிற்சியே என்பது அவர் கொள்கை.

அன்பர்களே, ஜப்பான் செல்லும் வாய்ப்புக் கிட்டினால், ‘இறைச்சி உண்டா?’ என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள்; ‘சாற்றில் மீன் உண்டா?’ என்றும் கேளுங்கள். மடத்து விருந்துக்கு முன்னதாகவே சொல்லிவையுங்கள்.

விருந்தினர் தட்டில் காய்கறிகளைக் காண்கிறார். அவை வெந்த நீரைக் காண்பதில்லை. அதில் என்ன இருக்கிறது என்பதைச் சமைத்தவர் மட்டுமே அறிவார். ஒருவர் விலக்கியதை அவர் அறியாதபோதும் சேர்க்காதிருப்பதே உண்மையான உபசாரம். கோயா மலையில் நாங்கள் சுவைத்தது அந்த நேர்மையைத்தான். அதைப் பேண நம் வீட்டு அடுப்படியும் ஏற்ற இடமன்றோ?