மாத்திரையை நீயாக நிறுத்தாதே

அன்புள்ள அக்காவுக்கு,

கேஸ் மாத்திரை சாப்பிட்டால் வயதான காலத்தில் கண் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம், பான்-40ஐ நிறுத்தப் போகிறாயாம். அவசரப்படாதே. வருஷக்கணக்கில் சாப்பிட்டதைப் பட்டென்று விட்டால், அடங்கியிருந்த அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். நெஞ்செரிச்சல் தாங்காமல் நீயே மறுபடி ஆரம்பித்துவிடுவாய்.

வந்த செய்தி முழுப் புரளியும் இல்லை. இந்த மாத்திரைக்கும் கண்ணுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்துதான் வருகிறார்கள். ஆனால் இதைச் சாப்பிடுகிறவர்களில் வயதானவர்களும் நிறைய. சர்க்கரை, பிரஷர் என்று வேறு தொந்தரவும் இருக்கும். கண் கெட்டது எதனால் என்று பிரித்துச் சொல்வது லேசில்லை. மாத்திரைதான் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

எனக்கு உன் விஷயத்தில் கவலை பி12 பற்றித்தான். சாப்பாட்டிலிருக்கும் பி12 பிரிந்து உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். நீயோ மீன், முட்டை தொடாதவள். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினும் பி12ஐக் குறைக்கும். பி12க்கும் கண்ணுக்கும்கூடத் தொடர்பு இருக்கலாம். அமெரிக்காவில் இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள 5,000க்கு மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றையும் 7 வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு, விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய் மூன்றில் ஒரு பங்கு குறைவாக வந்தது. அதற்காக நீயாக மாத்திரை வாங்கிவிடாதே. முதலில் ரத்தத்தில் பி12 பார்த்துக்கொள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பழைய சீட்டெல்லாம் எடுத்துப் போ. மூட்டுவலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கத்தானே இதை எழுதிக் கொடுத்தார்கள்? வலி மாத்திரையை விட்டு எத்தனை நாளாயிற்று! “இது எனக்கு இன்னும் வேண்டுமா?” என்று கேள். நிறுத்தலாம் என்றால் எப்படிக் குறைப்பதென்று அவரே சொல்வார்.

கண்ணுக்கு ஒரு சோதனை வீட்டிலேயே செய்யலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி ஜன்னல் கம்பியைப் பார். பிறகு மற்ற கண்ணால் பார். கம்பி வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் போ.

அத்தானிடம் ஒன்று சொல். விழித்திரை தேயும் அந்த நோய்க்கு நாம் தவிர்க்கக்கூடிய காரணங்களில் பெரியது புகைதான். உன் மாத்திரையைப் பற்றிக் கவலைப்படுகிறவர் முதலில் தன் சிகரெட்டை விடட்டும்.

அன்புடன்,
உன் தம்பி