பொய் பேச முடியாத அரண்மனை

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று தமிழம்மா கேட்டபோது நாங்கள் ஐவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இன்பச் சுற்றுலாவை அடுத்த பிரிவு மாணவியர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'நான் முதலமைச்சரானால்' என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே எழுதித் தீர்த்தாயிற்று. எங்களிடம் மிஞ்சியிருந்தவை இரண்டு. ஒன்று, அரையாண்டு விடுமுறையில் ஒரே பிரதியை மாற்றி மாற்றிப் படித்த ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகம். மற்றொன்று, அதைப் படித்ததனால் நெஞ்சில் தைத்த ஒரு முள். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறோம்.

புத்தகத்தின் பெயர் 'தி விக்கட் கிங்'. அமெரிக்க எழுத்தாளர் ஹாலி பிளாக் எழுதியது. 2018-இல் வெளிவந்த 'தி க்ரூயல் பிரின்ஸ்' என்ற கதையின் தொடர்ச்சியாக 2019 ஜனவரியில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் 'தி குவீன் ஆஃப் நத்திங்' என்ற மூன்றாம் பாகமும் வந்தது. அட்டையைப் பார்த்த சிஸ்டர் ஒருவர், "இது என்னம்மா, ராஜா கெட்டவனா?" என்று கேட்டார். "முழுக்கக் கெட்டவன் இல்லை, சிஸ்டர்" என்றோம். சிரித்துவிட்டுப் போய்விட்டார். எங்களில் ஒருத்திக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அவள் வாசித்துப் பொருள் சொல்ல, மற்ற நால்வரும் வேர்க்கடலையைக் கொறித்தபடி கேட்போம்.

இது தேவதைகளின் அரசவையில் நடக்கும் சூழ்ச்சிக் கதை. தேவதை என்றவுடன் நம் சிற்றாலயப் பீடத்தின் இருபுறமும் கைகூப்பி நிற்கும் சம்மனசுகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர்கள் ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளின் பழங்கதைகளில் வருபவர்கள். அழகானவர்கள், ஆனால் பொல்லாதவர்கள். இரும்பைக் கண்டால் இவர்களுக்கு ஆகாது என்று அந்நாட்டுக் கிராமத்தார் வீட்டு வாசலில் குதிரை லாடத்தை அடித்து வைத்தார்களாம். நம் ஊரில் வாசலில் படிகாரம் கட்டுவதில்லையா, அதுபோல!

ஜூட் என்பவள் மனிதப் பெண். ஏழு வயதில் அவள் கண்ணெதிரே பெற்றோரைக் கொன்றவன் மேடாக் என்ற தேவதைப் படைத்தலைவன். கொன்றவனே அவளையும், அவளோடு பிறந்த இரட்டை டாரினையும், மூத்தவள் விவியையும் தன் நாட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கிறான். (விவி மட்டும் அவனுடைய சொந்த மகள்.) கொன்றவனே தகப்பனாக அமர்ந்து வாள் பயிற்றும் அந்த வீட்டை எண்ணி எங்களுக்குச் சில இரவுகள் உறக்கம் வரவில்லை. முதற் கதையின் முடிவில் ஜூட் ஒரு தந்திரம் செய்து, சோம்பேறியும் குடிகாரனுமான கார்டான் என்ற இளவரசனை அரியணையில் ஏற்றிவிடுகிறாள். ஓராண்டும் ஒரு நாளும் அவள் ஆணைக்குக் கீழ்ப்படிவதாக அவன் வாக்குக் கொடுத்திருக்கிறான். தேவதையின் வாக்கு விலங்கு போன்றது, மீற முடியாது. ஆகவே இரண்டாம் கதையில் கிரீடம் அவன் தலையில், அதிகாரம் இவள் கையில். இவளைக் கொல்லப் பலர் காத்திருப்பதனால் தினமும் சிறிது சிறிதாக நஞ்சு உண்டு உடம்பைப் பழக்குகிறாள். பொன்டஸ் நாட்டு மன்னன் மித்ரிடேட்ஸ் அவ்வாறு செய்ததாகச் சரித்திரத்தில் சொல்வார்கள்.

எங்களைக் கட்டிப்போட்டது வேறொன்று. அந்த நாட்டில் தேவதைகளால் பொய் சொல்ல முடியாது. நாவிலேயே வராது. முதலில் இதைக் கேட்டபோது, "அப்படியானால் அது மோட்சமல்லவா!" என்றாள் எங்களில் ஒருத்தி. படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அத்தனை வஞ்சகம் நிறைந்த இடம் வேறில்லை என்று. மெய்யில் பாதியைச் சொல்வார்கள். கேட்ட கேள்விக்குப் பக்கத்துக் கேள்விக்கு விடை சொல்வார்கள். கேட்பவர் தவறாகப் புரிந்துகொள்ளும்வரை காத்திருந்து மௌனமாகப் புன்னகைப்பார்கள். சொன்ன சொல் ஒவ்வொன்றும் உண்மை. சொல்லிய நோக்கம் முழுவதும் பொய். பொய் சொல்லக்கூடியவர்கள் அங்கிருக்கும் மனிதர்கள் மட்டுமே. கடலரசி ஓர்லாவின் ஆட்கள் ஜூடைச் சிறைப்பிடித்து மந்திரத்தால் மயக்க முயன்றபோது, மயங்கியதுபோல் நடித்தே அவள் உயிர் பிழைக்கிறாள். ஆனால் அதே மனிதப் பொய்தான் அவளையும் வீழ்த்துகிறது. ஒரே முகம் கொண்ட டாரின் ஜூடைப் போலவே அரசன்முன் நின்று, அவனை ஏமாற்றி, மேடாக்குக்கு உதவிவிடுகிறாள். உடன்பிறந்தவள்! அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போனோம். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பொய்யும் மெய்யும் பற்றிய இந்த விதியை ஆசிரியை வெறும் கற்பனையில் பிடிக்கவில்லை. 1802-இல் சர் வால்டர் ஸ்காட் அச்சிட்ட நாட்டுப்பாடல் தொகுப்பில் தாமஸ் என்பவனின் கதை ஒன்று உண்டு. தேவதை அரசி அவனைத் தன் நாட்டுக்கு அழைத்துப்போகிறாள். வழியில் ஓர் ஆப்பிளைக் கொடுத்து, இனி உன் நாவு பொய் பேசாது என்கிறாள். அவன் மகிழ்ந்தானா என்றால் இல்லை. அப்படியானால் நான் எப்படிக் கடையில் பேரம் பேசுவேன், பிரபுக்களிடம் எப்படிப் பேசுவேன் என்று பதறுகிறான். வாய்விட்டுச் சிரித்தோம். எங்கள் வகுப்புத் தலைவி விவகாரம் எங்கள் நினைவுக்கு வராதிருந்தால் இன்னும் சிரித்திருப்போம்.

ஆண்டுத் தொடக்கத்தில் தலைவி தேர்தல் வந்தபோது நாங்கள் யாரும் நிற்கவில்லை. தலைவி என்றால் திட்டு வாங்க வேண்டும். ஆகவே அதிகம் பேசாத ஒரு தோழியை நிறுத்தி, ஓட்டுச் சேகரித்து, வெற்றி பெறவும் வைத்தோம். கார்டானைப் போல் அவள் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஆனாலும் எங்களைக் கேளாமல் எதையும் செய்வதில்லை. ஆசிரியை இல்லாத வேளையில் பேசுபவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவள் வேலை. எங்கள் ஐந்து பெயர்களும் அதில் வந்ததே இல்லை.

ஒருநாள் மற்ற பிள்ளைகள் முறையிட்டார்கள். வகுப்பாசிரியை எங்களை எழுப்பி, "உங்கள் பெயரை எழுதக்கூடாது என்று இவளிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார். "நாங்கள் அப்படிச் சொன்னதே இல்லை, டீச்சர்" என்றோம். உண்மைதான். ஒரு நாளும் சொன்னதில்லை. சுண்ணக்கட்டியை அவள் எடுக்கும்போது நிமிர்ந்து பார்ப்போம், அவ்வளவுதான். பிறகு அவளைக் கேட்டார்: "இவர்கள் சொன்னார்களா?" அவள் தரையைப் பார்த்தபடி, "இல்லை, டீச்சர்" என்றாள். அவள் சட்டையிலிருந்த பட்டையைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். எங்கள்மேல் பயம், அதனால்தான் வாய் திறக்கவில்லை என்று நாங்கள் அன்று மாலை பேசிக்கொண்டோம். அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோதுகூட இதைச் சொல்லவேண்டுமென்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எட்டாம் கட்டளையை நாங்கள் மீறவே இல்லையே!

இப்போது கதையின் முடிவைச் சொல்லவேண்டியிருக்கிறது. படிக்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். வாக்கிலிருந்து தன்னை விடுவித்தால் உன்னை மணந்து அரசியாக்குகிறேன் என்கிறான் கார்டான். ஜூட் சம்மதிக்கிறாள், திருமணம் இரகசியமாக நடக்கிறது. மறுபடியும் சபை கூடும்போது, கடலரசியின் தூதனாக இருந்த பேலகினைக் கொன்ற குற்றத்துக்காக அவளை மனிதருலகுக்கு நாடு கடத்துகிறான். கிரீடம் மன்னிக்கும்வரை திரும்பக்கூடாது என்பது தீர்ப்பு. பேலகின் கார்டானின் சொந்த அண்ணன். அவனுக்கு நஞ்சூட்டியவனும் அவனே. அவனுக்காகவா இந்தத் தண்டனை என்று நாங்கள் கொதித்தோம். ஜூடும் அப்படியே கொதித்துப் போய்விடுகிறாள். மூன்றாம் கதையில்தான் புதிர் அவிழ்கிறது. மணந்த கணமே அவளும் அரசியல்லவா? கிரீடம் என்பதில் அவளும் அடக்கம். தன்னைத் தானே மன்னித்துக்கொண்டு மறுநாளே திரும்பியிருக்கலாம். சொற்களில் ஒளிந்திருக்கும் நஞ்சைக் கண்டுபிடிக்கவே காதைப் பழக்கியவளுக்கு, அதே சொற்களில் ஒளித்து வைத்திருந்த கருணை கேட்கவில்லை.

இந்த இடத்தை வாசித்து முடித்ததும் நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எங்களில் ஒருத்தி மெல்ல, "அவள் பயந்து சொல்லவில்லையடி" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று நாங்கள் கேட்கவில்லை. 'இல்லை, டீச்சர்' என்று அன்று அவள் சொன்னதும் நாங்கள் சொன்னதும் ஒரே விடை. எங்கள் வாயில் அது எங்களைக் காத்தது. அவள் வாயிலும் எங்களையே காத்தது.

பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியையிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னோம். கேட்ட கேள்விக்கு மட்டும் சொல்லாமல், கேளாததையும் சேர்த்துச் சொன்னோம். அவர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பட்டை அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. வேறொரு மாணவிக்கு முன்பே கொடுத்தாகிவிட்டது, அந்தப் பெண் நன்றாகவும் செய்கிறாள். எங்கள் ஐந்து பெயர்களும் இப்போது வாரத்துக்கு இரண்டு முறையாவது கரும்பலகையில் ஏறுகின்றன.

அவளிடம் மன்னிப்புக் கேட்டபோது, "அதையெல்லாம் விடுங்களடி" என்றாள். அந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் எங்களுக்குள் வழக்காடிக்கொண்டிருக்கிறோம். புத்தகம் இப்போது அவளிடம்தான் இருக்கிறது. டாரின் வேடமிட்டு வரும் பக்கத்தைத் தாண்டிவிட்டாளாம். முடிவைச் சொல்லாதீர்கள் என்று எங்கள் ஐவரையும் எச்சரித்திருக்கிறாள்.