ஸ்டியரிங்குக்குப் பின்னால்

எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட உளுந்து மாவில் முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றிக் குழைத்தால் எழும் கவிச்சி கலந்த பச்சை வாடை இப்போது எங்கள் வீடுகளில் வருவதில்லை, பைபாஸில் குறுக்கே ஓடிய நாய்க்காக பைக்கை வளைத்து, விழுந்து காறையெலும்பை முறித்துக்கொண்ட அக்கா மகனுக்கு ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட நீலப் பட்டையில் புதுத் துணியின் வாசனைதான் அடிக்கிறது, அந்த வாடை இல்லாததாலேயே எனக்குப் பெரியப்பாவின் கயிற்றுக் கட்டில் ஞாபகம் வந்தது.

பெரியப்பா தூத்துக்குடியிலிருந்து திருச்சிக்கு உப்பு லோடு அடித்தவர். துவரங்குறிச்சிப் பக்கம் ஒரு ராத்திரி எருமை குறுக்கே நின்றது, இருட்டில் எருமைக்கு நிறமே கிடையாது, லைட் பட்டாலும் தெரியாது, தலையைத் திருப்பினால் கண் மட்டும் மின்னும், அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார், எருமை பிழைத்தது, லாரி கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த புளியமரத்தில் போய் நின்றது. அந்தக் கால ஸ்டியரிங் தண்டு மோதினால் மடங்காது, நேராக நெஞ்சுக்குத்தான் வரும், சீட் பெல்ட் என்ற பேச்சே லாரியில் இல்லை, விலா எலும்புகளும் வலது மணிக்கட்டும் போயின. மணிக்கட்டுக்கு மூங்கில் சிம்பு வைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள், அது காய்ந்து இறுகும்வரை முற்றத்துக் காலை வெயிலில் கையை நீட்டியபடி உட்கார்ந்திருப்பார், விலாவுக்கு மருந்தே இல்லை, இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். பார்க்க வந்தவர்கள் திண்ணையில் ஏறியதும் முதலில் கேட்டது, எருமைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான், அது எனக்கு இன்றும் ஆறவில்லை. பிறகு பஸ்ஸில் போகும்போதெல்லாம், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாலும், மாட்டைக் கண்டால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும்.

அவருடைய கூட்டாளி ஒருவர் விறகுக்கட்டோடு சாலையைக் கடந்த ஒரு பாட்டிமேல் மோதிவிட்டார், முகமெல்லாம் கண்ணாடிச் சில், அடிக்குப் பயந்து கம்பங்காட்டுக்குள் ஓடி, விடிந்ததும் தானே ஸ்டேஷனுக்குப் போனார், முகம் ஆறிவிட்டது, ஆனால் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை, டீக்கடை வைத்தார், எங்களுக்கெல்லாம் இஞ்சி தட்டிப் போட்ட டீ தருவார், லாரி ஹாரன் கேட்டால் மட்டும் கை நின்றுவிடும்.

சித்தப்பா சவூதியில் பிக்கப் ஓட்டினார், ஊருக்கு வரும்போது அவர் பெட்டியைத் திறந்தால் அத்தரும் டாங் பொடியுமாக வீடு மணக்கும், அந்த மணத்தோடுதான் ஒட்டகக் கதையும் வரும். மாடு மோதினால் அடி பெரும்பாலும் வண்டியின் மூக்குக்கு, ஒட்டகத்துக்குக் கால் நீளம், பம்பர் காலை வாரிவிடும், கனத்த உடல் பானெட்டுக்குமேல் வழுக்கி வந்து கண்ணாடியையும் கூரையையும் டிரைவரின் தலையில் இறக்கும், அதனால் கழுத்தெலும்புதான் முறியும், அவருடைய ரூம்காரர் ஒருவர் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் ஊர் திரும்பினார். அங்கே நெடுஞ்சாலையோரம் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள், வேலி அறுந்த இடம் டிரைவர்களுக்குத்தான் முதலில் தெரியும் என்பார் சித்தப்பா.

இப்போது நம்மூரில் நாலுவழிச் சாலை, புளியமரங்களை வெட்டிவிட்டார்கள், நடுவில் அரளி, மாடு தின்னாது என்பதால் அது தழைக்கிறது, மழைக்காலத்தில் கொசுவுக்கும் ஈரத்துக்கும் தப்பி மாடுகள் தார்ச்சூட்டில் வந்து படுத்துக்கொள்கின்றன, பால் கறந்ததும் அவிழ்த்துவிடுகிறவர்களை யாரும் கேட்பதில்லை, சில ஊர்களில் போலீஸ்காரர்கள் கொம்பில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், நல்ல வேலை, எல்லா ஊரிலும் செய்யலாம். காருக்கு 2019லிருந்து டிரைவர் பக்கம் ஏர்பேக் கட்டாயம், பைக்காரனுக்கு ஹெல்மெட் ஒன்றுதான், அக்கா மகனின் தலை அதனால்தான் தப்பியது.

எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு பெரியப்பா கிளீனர் பையன்களுக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன், ஆடு மாடு நாய் எது வந்தாலும் வண்டியை ஒடிக்காதே, நேராகப் பிடித்து பிரேக்கை மிதி, மனுசன் வந்தால் வேறு, அங்கே எந்தக் கணக்கும் நிற்காது. "நேரா எப்படி மாமா விட முடியும்" என்றான், நாய் வளர்க்கிறவன், நாய் பிழைத்ததா என்று அவனிடம் எல்லோரும் கேட்டுவிட்டார்கள், அவனுக்கும் தெரியாது. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன், படுத்தால்தான் மாமா என்று தொடங்கி ரொம்ப நேரம் சொன்னான். பைக் சாவியை அக்கா ஒளித்து வைத்திருக்கிறாள், கொடுப்பதற்கு முன் அந்த மங்கிய ஹெட்லைட்டை மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.