மூன்று நிலவுகளின் சுருதி

கோள்களின் பெயரால் இசையமைக்கும் வழக்கத்தை ஒரு விளம்பரத் தந்திரம் என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். சப்பானியரான இசாவோ தோமிதா, ஹோல்ஸ்டின் 'கோள்கள்' இசைத்தொகுப்பை 1976இல் முழுவதும் சிந்தசைசரில் அமைத்தார். அயர்லாந்தின் என்யா 1991இல் வெளியிட்ட தொகுப்புக்கு 'மேய்ப்பர் நிலவுகள்' என்று பெயர். சனியின் மெல்லிய வளையத்தின் இருமருங்கிலும் ஓடி, துகள்கள் சிதறாமல் காக்கும் சிறு நிலவுகளுக்கு வானியலார் இட்ட அழகிய பெயர் அது. நம் நாட்டிலும் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திற்கு 1969இலேயே ஒரு மூக் சிந்தசைசர் வந்துவிட்டது. அங்கே ஜின்ராஜ் ஜோஷிபுரா என்னும் இளைஞர் 'ஸ்பேஸ் லைனர் 2001' என்ற படைப்பைச் செய்தார். பல்லாண்டு உறங்கிய அந்த ஒலிநாடாக்கள் 2023இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன.

இவற்றையெல்லாம் கேட்டும் எம் மனம் இளகவில்லை. வானவெளியில் காற்றில்லை, காற்றில்லாத இடத்தில் ஒலியும் இல்லை. பிறகு ஏது கோளின் இசை? இப்படி அறிவியல் பேசினோமே தவிர, எம் வெறுப்பின் வேர் வேறிடத்தில் இருந்தது.

எம் தமையனார் ஆர்மோனியக் கலைஞர். பாலசமுத்திரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சுற்றுவட்டாரத்து ஆர்மோனியப் பெட்டிகளெல்லாம் பழுதுபார்க்க வந்து சேரும். ரீடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மெல்லிய அரத்தால் இழைத்து, இரண்டு ரீடுகளைச் சேர்த்து ஊதவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். சுருதி சேராவிடில் இரு ஒலிகளுக்கும் இடையே ஒரு மெல்லிய அலை எழும்பி எழும்பித் தணியும். அந்த அலை ஓயும் வரை அரம் ஓயாது. ஞாயிறு தோறும் ஆலயப் பாடற்குழுவுக்கு அவர்தாம் வாசித்தார். ஒருநாள் அங்கே கீபோர்டு வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் வயலினும் குழலும் மத்தளமும் ஒருங்கே ஒலிக்கும் கருவி. எவரும் அண்ணனைப் போகச் சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை. பெட்டி பரணுக்கு ஏறியது. அவர் வருந்தியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவருக்கும் சேர்த்து நாம் வருந்தினோம். மின்னிசை அனைத்தையும் பகைத்தோம்.

அண்ணனுக்கு இருந்த மற்றொரு பித்து வானம். பாலாறு-பொருந்தலாறு அணைக்கரையில் அமர்ந்தால் வடக்கே பழனிமலைக் கோயில் விளக்குகள் மின்னும். தெற்கே கொடைக்கானல் மலைகள் கறுத்து நிற்கும். பழைய பைனாகுலர் ஒன்றால் வியாழனையும் அதன் அருகே ஊசிமுனைப் புள்ளிகளாய் நிற்கும் நிலவுகளையும் எமக்குக் காட்டுவார். கொடைக்கானல் கதிரவ ஆய்வகத்தின் வானியலார் காவலூரில் அமைத்த தொலைநோக்கிக் கூடத்தைப் பற்றிச் சொல்லும்போது சொந்த ஊர்ப் பெருமை தொனிக்கும். 1972இல் வியாழனின் நிலவான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூரிலிருந்து அளந்தார்கள். 1977 மார்ச்சு 10 அன்று யுரேனசு மற்றொரு விண்மீனை நெருங்கியபோது, அதன் ஒளி சில நொடிகள் மங்கியதை அங்கே கண்டு, புதிய நிலவொன்று குறுக்கிட்டதாகக் கருதினார்கள். அமெரிக்கர்கள் வானூர்தியிலிருந்து கண்ட அளவுகளோடு ஒப்பிட்டபோதுதான் அது வளையம் என்று தெளிவாயிற்று. "நிலவுன்னு நெனச்சாங்க, வளையமா இருந்துச்சு. பார்த்தது பொய்யில்லையே" என்பார் அண்ணன்.

பின்னர்க் கண்நீர் அழுத்த நோய் அவர் பார்வையைச் சிறிது சிறிதாகப் பறித்தது. ஓரங்கள் முதலில் போயின; கடைசியில் நடுவும் போயிற்று. வானத்தைப் பற்றிய பேச்சும் அத்தோடு வீட்டில் நின்றது.

2023 திசம்பர் விடுமுறைக்குக் கோவையில் பொறியியல் பயிலும் எம் மகன் வந்தான், கையில் ஒரு சிறு கீபோர்டோடும் மடிக்கணினியோடும். எமக்கு முகம் சுளித்தது. அவனோ பெரியப்பாவின் கட்டிலருகே அமர்ந்து கணக்கொன்றை விளக்கத் தொடங்கினான்.

வியாழனின் நிலவான அயோ ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 42½ மணி நேரம் ஆகிறது. அதன் வேகத்தை இரட்டித்தால் ஒரு ஸ்தாயி மேலே போகும். இப்படி 26 முறை இரட்டித்தால் நொடிக்கு 439 அதிர்வுகள் வருகின்றன. கருவிகளுக்குச் சுருதி கூட்ட உலகெங்கும் கொள்ளும் அளவு 440! இந்தப் பொருத்தம் தற்செயலே. ஆனால் அடுத்தது தற்செயலன்று. அயோ நான்கு முறை சுற்றும்போது யூரோப்பா ஏறக்குறைய இரண்டு முறையும், கனிமீடு ஒரு முறையும் சுற்றுகின்றன. தார ஸ்தாயிச் சட்சமம், மத்திம ஸ்தாயிச் சட்சமம், மந்தர ஸ்தாயிச் சட்சமம்.

ரீடு போன்ற ஒலியில் முதலிரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டான். அண்ணன் தலையைச் சாய்த்தார். அந்தச் சாய்வை நாம் கண்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன.

"சுருதி சேரலையேப்பா. அலை அடிக்குது."

"ஆமா பெரியப்பா, கொஞ்சம் விலகல் உண்டு. அடுத்த ரெண்டையும் கேளுங்க."

யூரோப்பாவும் கனிமீடும் ஒலித்தன. அண்ணன் விரலால் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே கேட்டார். மீண்டும் முதல் இரண்டைக் கேட்டார். தட்டுதல் மாறவில்லை.

"ரெண்டு எடத்துலயும் ஒரே அலை. வேணும்னே இப்படி வச்சவன் எவன்?"

மகன் திகைத்துப் போனான். அதைத்தான் அவன் கடைசியில் சொல்லவிருந்தான். அயோவின் வேகத்தோடு கனிமீடின் வேகத்தை இருமடங்காக்கிக் கூட்டினால், யூரோப்பாவின் வேகத்தின் மும்மடங்கு கிடைக்கும். பிரெஞ்சுக் கணிதர் லாப்லாசு பதினெட்டாம் நூற்றாண்டில் நிறுவிய உறவு இது. இதனால் மூன்று நிலவுகளும் ஒருசேர ஒரே பக்கத்தில் வரிசையாவதே இல்லை. இரு அலைகளும் ஒரே வேகத்தில், நொடிக்கு ஒன்றரைக்குச் சற்று மேலாக அடிப்பதும் இவ்வுறவால்தான். கணிதர் தாளில் கண்டதை ரீடு இழைத்த செவி தட்டிக் காட்டிவிட்டது.

வீணையில் மரம் பேசும். குழலில் காற்று பேசும். சிந்தசைசருக்கு உடம்பே இல்லை, அதிர்வின் எண்ணிக்கை ஒன்றே உண்டு என்பதுதான் எம் பழைய குற்றச்சாட்டு. அந்த நிலவுகளிடமிருந்து நமக்கு எட்டுவதும் எண்ணிக்கை ஒன்றுதானே! வேறெந்தக் கருவியால் அதை இப்படி எடுத்துரைக்க முடியும்?

சனியின் வளையத்தையும் முயன்றார்கள். கோடிக்கணக்கான பனித்துகள்கள் உள்ளே விரைந்தும் வெளியே மெதுவாகவும் சுற்றுவதால், ஒரு ஸ்தாயிக்குச் சற்று மிகுந்த பரப்பு முழுவதும் இடைவெளியின்றி ஒலித்து, கோடை இடிமழைபோல் இரைந்தது. நடுவே ஒரேயொரு சுரம் மட்டும் வெறுமையாயிருந்தது. காசினி இடைவெளியின் உள்விளிம்பு அது. மிமாசு என்னும் நிலவின் ஒலி அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே நின்றது. இருந்தும் எமக்கு அது இரைச்சலாகவே பட்டது, பொய் சொல்வானேன்.

"வியாழனுக்கு நாலு நிலவு பார்த்திருக்கோம். நாலாவது எங்கே?" என்றார் அண்ணன்.

கலிசுடோ அந்த ஒழுங்கில் சேராதது. அதன் ஒலி சதுசுருதி தைவதத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் இடையே, எந்தக் கட்டையிலும் அகப்படாமல் நிற்கிறது. மகன் சுருதியைத் திருகி அதை வரவழைத்தான். மற்ற மூன்றோடு சேர்த்தபோது காது கூசியது. நிறுத்தக் கை நீட்டினான்.

"இருக்கட்டும் விடு," என்றார் அண்ணன். நெடுநேரம் கேட்டார். பிறகு எம் பக்கம் திரும்பி, பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னார். துருத்தியில் கரையான் ஏறியிருந்தது. ரீடுகளில் ஏழு துருப்பிடித்துவிட்டன. அரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.